செத்த டிஸ்க்கின் இலக்கம்

மருதனார்மடத்தில் ஒரு அச்சகத்தில் எனக்கு வேலை. கொழும்பில் சில கிழமைகள் கம்ப்யூட்டர் படித்தவன் என்பது ஒன்றே தகுதி. அதில் பாதி நாள் காய்ச்சலில் படுத்திருந்ததை நான் யாருக்கும் சொல்லவில்லை. போரில் மின்சாரம் நின்றுபோன காலம். மண்ணெண்ணெயில் ஜெனரேற்றரை ஓட்டி, கம்ப்யூட்டரில் தட்டிய எழுத்துகளைப் பிரிண்டரால் ஸ்ரென்சிலில் குத்தி, ரோணியோ மெஷினில் உருட்டிப் பிரதி எடுப்போம். பெரும்பாலும் கல்வெட்டுத்தான். முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குச் செத்தவர் வீட்டார் கொடுக்கும் நினைவுப் புத்தகத்துக்கு எங்களிடம் அதுதான் பெயர். கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, பள்ளிக் கொப்பித் தாள். அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் நொடித்துப் போகாத வியாபாரம் அது ஒன்றே.

மயிலிட்டியை விட்டு வந்து பள்ளிக்கூடமொன்றில் அகதியாக இருந்த கடற்றொழிலாளி ஒருவர் மனைவிக்குக் கல்வெட்டு அடிக்க வந்தார்.

"படமெல்லாம் வீட்டோடை விட்டிட்டு வந்திட்டம். இதிலையெண்டாலும் அவளின்ரை பேர் கிடக்கட்டும்."

வருகிற வெள்ளி அந்தியேட்டி. அந்தக் கிழமை பார்த்து எங்கள் ஹாட் டிஸ்க் செத்தது. முதலாளி, முன்பு ரியூஷன் வகுப்பு நடந்து இப்போது பூட்டிக்கிடந்த ரியூட்டரி ஒன்றிலிருந்து அதே கம்பனி, அதே அளவு டிஸ்க்கை இரவல் வாங்கி வந்தார். இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். தமிழ் எழுத்து மென்பொருளைப் புதியதில் ஏற்றினேன். 'இது பதிவுசெய்த இயந்திரம் அல்ல' என்று திரையில் எழுதிவிட்டு அது படுத்துக்கொண்டது.

வியாழன் காலை கடற்றொழிலாளி வந்து நின்றார். விளக்கம் சொன்னேன்.

"உள்ளுக்கை டிரைவர் எண்டு ஒண்டு இருக்கு அண்ணை. அது டிஸ்க்கைப் பாத்து உன்ரை நம்பர் என்னெண்டு கேக்கும். பழைய நம்பர் இல்லாட்டி விடாது."

"அப்ப டிரைவரை மாத்துங்கோவன். எங்கடை பஸ்சுக்கு எத்தினை பேரை மாத்தினவங்கள்."

"அது ஆளில்லை அண்ணை. சென்றியிலை மறிச்சு ஐடென்ரிக் காட் கேக்கிறமாதிரி."

"ஆளைப் பாக்கிறேல்லையோ?"

"இல்லை. நம்பர் மட்டுந்தான்."

"நான் கையாலை எழுதி அடிச்சுத் தரட்டே?" என்றும் கேட்டுப் பார்த்தேன்.

"வேண்டாம் தம்பி. கையெழுத்தெண்டால் சனம் நோட்டீஸ் எண்டு நினைச்சு வாசிக்காமல் எறிஞ்சுபோடும்."

மூலையில் தாள் வெட்டிக்கொண்டிருந்த முதலாளி தலை நிமிராமல் சொன்னார்: "நம்பர் மட்டுமெண்டால், செத்தவன்ரை காட்டைக் காட்டிப் போகேலாதோடா? ஊரிலை நடக்காததே?"

பகிடியாகத்தான் சொன்னார். நான் எழுந்துபோய்ப் பழையதற்கு மின் கொடுத்துத் தொட்டுப் பார்த்தேன். செத்த டிஸ்க்கில் மோட்டார்தான் சுழலவில்லை, இலக்கத்தை வைத்திருக்கும் அடியிலுள்ள சர்க்கிட் பலகை சூடாகிக்கொண்டுதான் இருந்தது. மென்பொருள் விசாரிப்பது முதலாவது டிஸ்க்கை. செத்ததை முதலாவதாகவும் இரவலை இரண்டாவதாகவும் கொழுவி, பிளாப்பியால் கம்ப்யூட்டரை இயக்கினேன். டிரைவர் கேட்டது. ஒரு எழுத்தைக்கூடத் தனக்குள் வைத்திருக்க முடியாத அந்தப் பிணம் தன் இலக்கத்தை ஒழுங்காகச் சொன்னது. மென்பொருள் திறந்தது.

முதலாளி என்னை விஞ்ஞானி என்றார். விஞ்ஞானி அன்று முழுவதும் வயர் கழன்றுவிடுமோ என்று மேசையில் முட்டாமல் ஒதுங்கி நடந்தான்.

பின்னேரம் கல்வெட்டு முடிந்தது. அட்டையில் அந்த மனிசியின் பெயர் கொஞ்சம் மங்கல், ஆனால் அச்செழுத்து. காத்திருந்த கடற்றொழிலாளி விரலால் தடவிப் பார்த்தார். மை ஒட்டியது. துடைக்கவில்லை.

அந்தியேட்டி முடிந்த மறுநாள், கல்வெட்டுக் கட்டின் பெரும்பகுதியைத் திருப்பிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார்.

"சொந்தக்காரர் ஆர் எங்கை எண்டு தெரியேல்லைத் தம்பி. பள்ளிக்கூடத்திலை இருக்கிற ஆக்களுக்குக் குடுத்தன். மயிலிட்டி ஆக்கள் ஆரும் வந்தால் குடுங்கோ."

"இஞ்சை ஆர் அண்ணை வரப்போகினம்?" என்றேன்.

வந்தார்கள். ஒவ்வொருவராக, தங்கள் வீட்டுக் கல்வெட்டு அடிக்க. ஒவ்வொருவர் கையிலும் ஒன்றைக் கொடுத்தேன். நாலைந்து பேர் அட்டையில் பெயரைப் பார்த்துவிட்டுக் கேட்டார்கள்: "ஐயோ, உவவும் செத்துப்போனாவே?"