இடது முன்சக்கரம்

குர்லா டயர் கடையில் அன்று இருந்தவர்கள் நாங்கள் நான்கு பேர்: அப்பா, மாமா, டயர்க்காரர், நான். அம்மா இட்லி விற்கப் போயிருந்தாள். அப்பாவின் தங்கையான அத்தை வரவில்லை. வந்தால் அண்ணனுக்காகப் பேசுவாள் என்று மாமாவே அவளைக் கல்யாண் வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். நான் அப்போது நான்காம் வகுப்பு. என்னை யாரும் கூப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி கிளம்பினால் முன்சீட்டில் நான் இருப்பேன், அவ்வளவுதான்.

வண்டி அப்பாவுக்கும் மாமாவுக்கும் பாதிப் பாதி. ஏழு பேர் உட்காரும் பழைய எஸ்யூவி. அப்பா ஷீரடி, நாசிக் என்று சவாரி ஓட்டுவார். கல்யாணில் தன் கடையை விட்டு நகர முடியாத மாமா பணம் மட்டும் போட்டிருந்தார். வாங்கி ஐந்தாறு மாதத்துக்குள் இடது முன்டயர் தேய்ந்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் புதிதாகத்தான் தெரியும். உள்விளிம்பு மட்டும் மொழுமொழுவென்று, கம்பி எட்டிப் பார்க்கும். அப்பா அதைக் கழற்றிப் பின்னால் போட்டு, பின்டயரை முன்னால் மாட்டினார். அதுவும் தேய்ந்தது. பிறகு இன்னொன்று. இப்படி ஒரு சக்கரத்தின் நோயை நான்குக்கும் பங்கு வைத்தோம்.

"எழுதிவச்ச கிலோமீட்டருக்கு இவ்வளவு தேயாது மச்சான்" என்றார் மாமா. "எனக்குத் தெரியாம எங்கயும் சவாரி அடிக்கீரா?"

"கோயில்ல வச்சு வேணா கேளும் மாப்ளே. ஒரு சவாரி மறைச்சதில்ல."

"கோயிலு எதுக்கு? டயர்க்காரன் சொல்லட்டும்."

டயர்க்காரர் ஜாக்கி வைத்துத் தூக்கி, உள்விளிம்பில் உள்ளங்கையை ஓட்டினார். சக்கரத்தின் கோணலைச் சரிசெய்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, மறுபடி கோணியிருக்கிறது என்றார். இது ஓடித் தேய்ந்ததில்லை, தினம் எதன் மீதோ ஏறி இறங்கித் தேய்ந்தது. வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்று இந்தியில் கேட்டார்.

அப்பா கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். அவருக்குக் கேள்வி காதில் விழவில்லை என்று நினைத்தேன். எனக்குப் பதில் தெரியும். பதில் தெரிந்தால் சொல்ல வேண்டும் என்பது பள்ளிக்கூடத்தில் நான் படித்த முதல் பாடம்.

"எங்கள் சந்தில்தான்" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. தாராவியில் எங்கள் சந்தில் வண்டி சமமாக நின்றால் தண்ணீர்க் கேன் தூக்கி வரும் பெண்களுக்கு வழி இருக்காது. அதனால் இடது சக்கரங்களைச் சாக்கடை ஓரத்துக் கல்மேல் ஏற்றித்தான் நிறுத்த வேண்டும். பின்னால் நின்று வண்டியைத் தட்டி "ஆனே தோ, ஆனே தோ", வரட்டும் வரட்டும் என்று சொல்பவன் நான். ஒரே முட்டில் ஏறிவிடும் என்று பெருமையாகச் சொன்னேன்.

டயர்க்காரர் சிரித்துவிட்டார். மாமா சிரிக்கவில்லை. செம்பூரில் பார்க்கிங் எடுத்திருப்பதாக அப்பா சொல்லியிருந்தார். அந்த வாடகையில் பாதியை மாதாமாதம் கொடுத்துவந்தவர் மாமா.

"அப்ப செம்பூரு?"

"பையனுக்குப் பீசு கட்டிட்டேன் மாப்ளே. உம்மகிட்ட கேக்க வாய் வரல."

"கேட்டா தந்திருப்பேன்லா" என்றார் மாமா. "அதான் வலிக்கு."

அவர் ரயிலுக்கு நடந்துவிட்டார். திரும்பும் வழியில் அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். "நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டுல்லா?" என்று மட்டும் கேட்டார். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஓடி, அப்பா சவாரி மறைக்கவில்லை என்பதை நான்தான் நிரூபித்தேன் என்று சொன்னேன். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வண்டி மாமா பேருக்கு மாறியது. அப்பா குர்லாவில் வேறொருவரின் டெம்போ ஓட்டப் போனார். என் பள்ளிக்கூடம் மட்டும் ஒரு நாள்கூட நிற்கவில்லை. அது எப்படி என்று நான் கேட்டதுமில்லை. டயர்க்காரர் கேட்ட கேள்விக்கு என் பீசைக் காட்டிக்கொடுக்காத ஒரு பதிலை அப்பா தேடிக்கொண்டிருந்தார் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. பதினெட்டு மாத வாடகைப் பாதி இருபத்தோராயிரத்து அறுநூறு, நான்கு டயர்களில் மாமாவின் பங்கு பன்னிரண்டாயிரம். ஆக அப்பா மாமாவுக்குத் தர வேண்டியிருந்தது முப்பத்து மூவாயிரத்து அறுநூறு ரூபாய்.