ஆள் குடியிருக்கும் கணினி

என் மகள் ஏழு மாதங்கள் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. அந்த ஏழு மாதமும் நான் ஒவ்வொரு பின்னேரமும் அவளோடு வீடியோவில் கதைத்தேன். அவளுக்குப் பின்னால் சுவர் தெரியும், மேசை தெரியும், மேசையில் திறந்தபடி ஒரு புத்தகம் தெரியும். சாப்பிட்டாயா என்று கேட்பேன், ஓம் என்பாள். விரிவுரை எப்படி என்று கேட்பேன், பரவாயில்லை என்பாள். நான் நிம்மதியாகப் போனை வைப்பேன்.

பரீட்சைக்குத் தோற்றவில்லை என்று பீடத்திலிருந்து தபாலில் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அன்றே கொழும்புக்குப் பஸ் ஏறினேன். அறைக் கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்துவிட்டு உடுப்புகளை மடிக்கத் தொடங்கினாள். திருகோணமலை வரும்வரை பஸ்சில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். நித்திரை இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஏன் என்று நான் கேட்காத விதம் இல்லை. கெஞ்சிக் கேட்டேன், கோபமாகக் கேட்டேன், கேட்காததுபோல் கேட்டேன். "பிறகு சொல்லுறன்" என்பதைத் தவிர ஒரு சொல் வரவில்லை. அடுத்த மாத முடிவுக்குள் விண்ணப்பித்தால் விட்ட இடத்திலிருந்து படிப்பைத் தொடரலாம் என்று கடிதத்தில் இருந்தது. காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணம் அவளிடம்தான் இருந்தது. அவளுடைய அப்பா இறந்து ஐந்து வருடம். ஓர்ஸ் ஹில்லில் துறைமுகத்தைப் பார்த்த அந்தச் சின்ன வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் தனித்தனியாக இருந்தோம்.

இதில் எனக்கு வெட்கமான விஷயம் என் தொழில். முன்பு நான் பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பித்தேன். இப்போது கொழும்பில் உள்ள ஒரு நிறுவனத்துக்காக வீட்டிலிருந்து தீநிரல்களை ஆராய்கிறேன். ஊரில் எல்லோரும் வைரஸ் என்று சொல்வதைத்தான். சந்தேகமான கோப்பு ஒன்று வந்தால், அதைச் சோதனைக் கணினியில் ஓடவிட்டு என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இப்போது வருபவற்றில் கெட்டிக்காரத்தனமானவை முதலில் சுற்றிப் பார்க்கும். தன்னை யாரோ கவனிக்கிறார்கள் என்று பட்டால் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். பார்க்கும்போது ஒழுங்காக இருப்பதை நம்பாதே என்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் பாடம். அதை நான் என் வீட்டுப் பின்னேரங்களுக்குப் பிரயோகிக்கவில்லை.

பிள்ளையைத் தீநிரலோடு ஒப்பிடுவது பிழை என்று எனக்குத் தெரியும். அது கெடுதல் செய்வதற்காக ஒளிக்கிறது. அவள் என்னை நோகவிடாமல் இருக்க ஒளித்தாள். ஆனாலும் அந்த நாட்களில் வேலைக்கு இருக்கும்போதெல்லாம் நெஞ்சில் அதுதான் ஓடியது.

அவள் வந்து இரண்டாம் வாரம் ஒரு கோப்பு வந்தது. கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றுக்கு, வருகிற கப்பலின் விபரப் படிவம் என்று மின்னஞ்சலில் வந்தது. அவர்கள் திறந்தபோது படிவமும் சரியாகவே திறந்தது. ஆனால் அதன் பிறகு அவர்களுடைய கடிதங்கள் எங்கேயோ போய்க்கொண்டிருந்தன. நான் என் சோதனைக் கணினியில் திறந்தேன். படிவம் வந்தது. வேறு ஒன்றும் இல்லை. நீண்ட நேரம் தூங்கிவிட்டு எழும்பும் வகையோ என்று கடிகாரத்தை முன்னால் தள்ளினேன். அது வேறொரு வழியாலும் நேரத்தை அளந்து, இரண்டும் பொருந்தாததைக் கண்டு, தன்னை மூடிக்கொண்டது.

பிறகு அதைப் பிரித்து வரி வரியாக வாசித்தேன். சில நாள் எடுத்தது. அது தேடியது மிகச் சாதாரணமான விஷயங்கள். இந்த விண்டோஸ் கணினியில் அண்மையில் திறந்த கோப்புகள் எத்தனை? யாராவது இணையத்தில் எதையாவது தேடியிருக்கிறார்களா? மவுஸ் எப்படி நகர்கிறது? மவுஸை நகர்த்த நான் ஒரு சின்ன நிரல் எழுதி வைத்திருந்தேன். அது ஒரே வேகத்தில் நேர்கோட்டில் போகும். மனிதர்களின் கை அப்படிப் போகாது. என் சோதனைக் கணினி ஆளில்லாத வீடு என்பதை அந்தக் கோப்பு கதவடியிலேயே கண்டுபிடித்துவிட்டது.

ஆகவே அதில் ஒரு ஆளைக் குடியிருத்த வேண்டும். வழக்கமாக நானே செய்வேன், அவசரமாக, பத்துக் கோப்பைப் பிரதி பண்ணிப் போட்டு. இந்த முறை மகளின் அறைக் கதவில் தட்டினேன்.

"ஒரு வேலை இருக்கு. ஒரு கணினியில கொஞ்ச நாள் வேற ஒரு ஆளா இருக்க வேணும்" என்றேன்.

"என்ன ஆள்?"

"கப்பல் கந்தோர் கிளார்க். மற்றதெல்லாம் உன்ர விருப்பம்."

யோசித்துவிட்டு, "அவவுக்குச் சம்பளம் காணாது. மேலதிகாரியைக் கண்ணில காட்டேலாது. சரியோ?" என்றாள். அவள் வீட்டுக்கு வந்த பிறகு நான் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான்.

அடுத்தடுத்த நாட்களில் அந்தப் பெண் வளர்ந்தாள். புல்மோட்டையில் வீடு, காலைப் பஸ்சில் வேலைக்கு வருகிறவள். அலுவலகக் கடிதங்களுக்கு நடுவில் தொதல் என்ற இனிப்பைக் கிண்டும் முறை தேடுவாள், பல்லுவலிக்கு மருந்து தேடுவாள், லீவு கேட்டு எழுதி அனுப்பாமலே வைத்திருப்பாள். மகள் என் மேசையில் இருந்து தட்டிக்கொண்டிருப்பாள். நான் குசினி அடுப்படியில் நின்றுகொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்பேன். பக்கத்தில் போகமாட்டேன். ஒரு நாள் தானாகச் சிரித்தாள். எதற்கு என்று கேட்க வாய் வந்தும் கேட்கவில்லை.

சாம்பல்தீவுப் பக்கமிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் படலையில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார்.

"பிள்ளை வேலைக்குச் சேந்திட்டாவோ டீச்சர்? லீவு எண்டெல்லோ சொன்னனீங்கள்."

"ரெண்டும்தான்" என்றேன்.

"எங்கட பெடியளுக்கும் அப்பிடி ஒரு லீவு எடுத்துத் தாங்கோவன்" என்று சொல்லிக்கொண்டே பாரையை வெட்டினார். அவர் பகிடியாகத்தான் சொன்னார். எனக்கு அன்று முழுவதும் அது குத்திக்கொண்டே இருந்தது.

பத்து நாள் போனதும் அந்தக் கணினியை ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து வைத்தேன். ஒரு கணினியின் அந்த நிமிட நிலையை அப்படியே பத்திரப்படுத்துவதுதான் ஸ்னாப்ஷாட். தீநிரல் ஓடி எல்லாவற்றையும் கெடுத்த பிறகு, ஒரு பொத்தானை அமத்தினால் அந்த நிமிடத்துக்குத் திரும்பலாம். அதன் பிறகு நடந்ததெல்லாம் இல்லாமல் போய்விடும். ஓட்டு, அது செய்தவற்றின் பதிவை வெளியே எடு, திருப்பு. இத்தனை வருடத்தில் இந்த மூன்றும் என் விரல்களுக்குப் பழகிவிட்டன. யோசித்துச் செய்வதில்லை.

ஸ்னாப்ஷாட் எடுத்ததை அவளுக்குச் சொல்ல நான் மறந்துவிட்டேன். அவள் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலை கோப்பைத் திறந்தேன். படிவம் வந்தது. காத்திருந்தேன். இந்த முறை அது நம்பிவிட்டது. புல்மோட்டைப் பெண்ணின் கோப்புறைக்குள் போய், இருந்த கடிதங்களையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, ஒரு பொதியாகப் பூட்டி, வெளியே அனுப்பியது. வெளியே என்று அது நினைத்த இடமும் என் இன்னொரு கணினிதான். கைதட்ட வேண்டும் போல் இருந்தது. பதிவை எடுத்தேன், கணினியைத் திருப்பினேன், தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து பதிவை வாசிக்க இருந்தேன்.

எடுக்கப்பட்ட கோப்புகளின் பட்டியல் அதில் இருந்தது. கப்பல் விபரம், லீவுக் கடிதம், தொதல். அதற்குக் கீழே:

அம்மாவுக்கு 1. அம்மாவுக்கு 2. ஆறு வரைக்கும்.

அந்தக் கற்பனைப் பெண்ணுக்கு அம்மாவை அவள் வைக்கவில்லை. தாய் தகப்பன் இல்லாதவள் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். திகதிகளைப் பார்த்தேன். ஆறும் ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு எழுதியவை. கணினியைத் திறந்து தேடினேன். லீவுக் கடிதம் இருந்தது, தொதல் இருந்தது. அந்த ஆறும் இல்லை. பத்து நிமிடத்துக்கு முன் என் விரல் அவற்றை இல்லாமல் ஆக்கியிருந்தது.

ஒவ்வொரு கோப்புறையாகத் திரும்பவும் தேடினேன்.

கொஞ்ச நேரத்தில் பொதியின் நினைவு வந்தது. கள்ளன் கொண்டுபோனது என்னிடம்தானே வந்தது. பூட்டியிருந்தது, ஆனால் அந்தப் பூட்டுக்குத் திறப்பு அந்த நிரலுக்குள்ளேயேதான் இருந்திருக்கும். தேடிப் பிடிப்பது என் வேலை. கொழும்பிலிருந்து என் மேலாளரும் அன்று மத்தியானமே போன் எடுத்தார். பொதிக்குள் என்ன போகிறது என்பதை வாடிக்கையாளருக்குத் திறந்து காட்ட வேண்டும் என்றார். பின்னேரத்துக்குள் திறப்பைக் கண்டுபிடித்துவிட்டேன். சரிதானா என்று பார்க்க ஒரு தரம் அமத்தினால் போதும்.

நான் அமத்தவில்லை. நல்லவள் என்பதால் அல்ல. அவள் உயர்தரம் படிக்கும்போது, ஒரு நாள் அவளுடைய போனை எடுத்து வாசித்தேன். அதில் ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் நான் வாசித்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகுதான் அவள் எனக்கு 'பரவாயில்லை' என்று பதில் சொல்லத் தொடங்கினாள். அந்தக் கோப்புகளைப் போல முதலில் சுற்றிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்ல அவளைப் பழக்கியது நான்தான்.

மேலாளருக்கு வேறு வழி இருந்தது. ஸ்னாப்ஷாட்டிலிருந்து திரும்பவும் ஓட்டினேன். அந்த ஆறும் இல்லாத இன்னொரு பொதி வந்தது. அதைத் திறந்து அறிக்கையோடு அனுப்பினேன். முதல் பொதியை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தேன். மாத முடிவுக்கு ஒன்பது நாள் இருந்தது. விண்ணப்பப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தைத் தவிர மற்றதெல்லாம் நிரப்பி அலுமாரியில் வைத்திருந்தேன்.

சனிக்கிழமை காலை அவள் மேசையில் வந்து இருந்தாள். கணினியைப் பார்த்தவளின் முகம் மாறியது.

"இதில இருந்த சிலது இல்லை" என்றாள்.

"நான்தான் அழிச்சுப்போட்டன். தெரியாமல். கணினியைத் திருப்பினபோது போயிட்டுது."

"வாசிச்சனீங்களோ?"

"இல்லை. பேரை மட்டும் பாத்தனான்."

அவள் நம்பவில்லை. நம்புவதற்கு நான் எந்தக் காரணமும் கொடுத்து வைக்கவில்லை. பதிவைத் திறந்து காட்டினேன். எந்தக் கோப்பை எது எப்போது திறந்தது என்று அதில் வரிசையாக இருந்தது. ஆறையும் திறந்தது அந்தக் கள்ளக் கோப்பு மட்டும்தான். பிறகு பூட்டிய பொதியையும் காட்டினேன். திறப்பு என்னிடம் இருக்கிறது என்பதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

"பிறகேன் திறக்கேல்ல?"

"அது நீ சொல்ல வேண்டியது."

கதிரையின் விளிம்பில் இருந்துகொண்டு நெடுநேரம் அந்தப் பட்டியலையே பார்த்தாள். கடிதங்களை ஏன் அந்தக் கணினிக்குள் போட்டாய் என்று கேட்டேன்.

"நீங்கள் அந்தக் குப்பையை வாசிக்க மாட்டீங்கள் எண்டுதான்" என்றாள். பிறகு, "வாசிப்பீங்கள் எண்டும்தான்" என்றாள்.

கீழே துறைமுகத்தில் ஒரு கப்பல் நீளமாக ஊதியது.

"ஆறாவதை மட்டும் வாசியுங்கோ. மற்றதெல்லாம் கோவத்தில எழுதினது" என்று எழும்பினாள். "நான் வெளியில நிக்கிறன். வாசிக்கேக்க என்னைப் பாக்க வேண்டாம்."

பொதியைத் திறந்தேன். ஆறும் வந்தன. ஆறாவதை மட்டும் வாசித்தேன். மற்ற ஐந்தும் அதற்குப் பக்கத்திலேயே கிடந்தன. என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலைகளில் அதுவும் ஒன்று.

அது நீளமான கடிதம் இல்லை. இரண்டாம் வருடத் தொடக்கத்தில் விரிவுரைகள் விளங்காமல் போனதாம். விளங்கவில்லை என்று யாரிடமும் சொல்ல ஏலவில்லையாம், டீச்சரின் மகள் என்று ஊரில் பேர் எடுத்தவளாம். ஒரு நாள் காலை பஸ்சில் போகும்போது பல்கலைக்கழக வாசலில் இறங்கக் கால் வரவில்லையாம். கடைசித் தரிப்பு வரை போய்த் திரும்பி வந்தாளாம். அடுத்த நாளும் அப்படியே. கடைசியில் இப்படி இருந்தது: "எனக்குத் திரும்பிப் போக ஏலாது அம்மா. என்னைப் போகச் சொல்லாதேங்கோ. சொன்னால் நான் ஓம் எண்டுதான் சொல்லுவேன்."

இந்தக் கடைசி வரியை எத்தனை தரம் வாசித்தேன் என்று தெரியாது. எனக்குத் தேவையாக இருந்த காரணம் கையில் கிடைத்துவிட்டது. படிவத்தில் எழுதி, நீ போ பிள்ளை, இந்த முறை சரிவரும் என்று நான் சொன்னால் அவள் போவாள். வீடியோவில் சுவரும் மேசையும் திறந்த புத்தகமும் தெரியும்.

மற்ற ஐந்தையும் அழிக்கும்படி அவளிடமே விட்டேன். அழித்தாள். போவது பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்த ஒன்பது நாளும் ஒவ்வொரு காலையும் அலுமாரியைத் திறந்து படிவத்தைப் பார்த்துவிட்டு மூடினேன். மாதம் முடிந்தது.

அடுத்த நாள் நான் வேலைக்கு இருந்தபோது அவள் வாசலில் வந்து நின்றாள்.

"கோவமோ?"

பரவாயில்லை என்று சொல்லத்தான் வாய் திறந்தது. நிறுத்திக்கொண்டேன்.

"ஓம்" என்றேன். "கோவம்தான். பயம் அதைவிடக் கூட."

அவள் தலையாட்டினாள். அந்தப் பதில் அவளுக்கு ஏதோ ஒரு விதத்தில் ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் போட்டு, என்னைப் பாராமல் திரையைப் பார்த்தபடி இருந்தாள்.

"கடைசித் தரிப்பில இறங்கி நான் என்ன செய்தனான் எண்டு நீங்கள் இன்னும் கேக்கேல்ல" என்றாள்.

கேட்டேன். சொல்லத் தொடங்கினாள்.