அம்மாவுக்குச் சொன்ன சீரியல்

எந்தப் படமானாலும் சரி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஓர் ஆளைப் படுக்கவைத்து மூக்கில் குழாய் சொருகினால் நான் எழுந்து போய்விடுவேன். "நடிப்புக்குப் போய் இன்னாத்துக்கு இவ்ளோ பேஜாரு?" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்கென்ன, போட்ட கதையைப் போட்டபடி பார்த்து வளர்ந்தவர்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் வேலை பார்த்தாள். தோல் பதனிடும் ஷாப்பில் தோலைத் தேய்க்கும் பஃபிங் மிஷின் ஓட்டிய அப்பா, அந்தத் தோல் தூசியையே வருஷக்கணக்காக மூச்சாக இழுத்து, வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். துணைக்கு அத்தை இருந்தாள். அம்மாவுக்கு லீவு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போய்ப் பார்த்துவருவாள்.

கம்பெனி பஸ்ஸில் அத்தனை பெண்களும் பேசியது ஒரே சீரியலைத்தான். ஓவர்டைம் போட்டால் அம்மாவுக்கு அது தவறிவிடும். பார்த்துச் சொல்வது என் வேலை. பசை நாற்றம் போகக் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சோற்றுத் தட்டோடு உட்காருவாள். "இன்னாடி ஆச்சு இன்னிக்கு? கண்ணு முழிச்சானா?" அந்தக் கதாநாயகனும் வீட்டில் ஒரு சின்னப் பெண்ணை விட்டுவிட்டு வாரக்கணக்காக ஆஸ்பத்திரியில்தான் கிடந்தான். நான் வாயைத் திறக்கும்வரை அம்மா சோற்றில் கை வைக்கமாட்டாள்.

ஒருநாள் அவனைச் சாகடித்துவிட்டார்கள், பாவிகள். அந்த நடிகர் வேறு சேனலுக்குப் போய்விட்டாராம். கதாநாயகியின் வளையலை உடைத்ததைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அம்மா வந்து கேட்டபோது அவள் முகத்தைப் பார்த்தேன். "முழிச்சிட்டாம்மா. கஞ்சி கேட்டான்" என்றேன். அன்றைக்கு அம்மா மறுசோறு போட்டுக்கொண்டாள்.

மறுநாள் அவளோடு பஸ்ஸைவிட்டு இறங்கிய பக்கத்து வீட்டு அக்கா என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "நல்லா கதை வுடுற போ! அவந்தான் நேத்தே செத்துட்டானே. கஞ்சி குடிச்சான்னு உங்கம்மா சொல்ல, பஸ்ஸுல ஒரே சிரிப்பு!"

முதுகில் நாலு விழும் என்று நின்றேன். அம்மா அடிக்கவில்லை. அக்கா போனதும் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். "அவ கெடக்கறா, நீ சொல்லு. கஞ்சி குடிச்சான். அப்பறம்?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கப்புறம் டிவியே போடவில்லை. நானே அவனை உட்காரவைத்தேன், நடக்கவைத்தேன், டாக்டரோடு சண்டை போடவைத்தேன். அசல் கதையைவிட என் கதை நன்றாக இருப்பதால்தான் அம்மா கேட்கிறாள் என்று நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் அவன் வீடு திரும்பும் கட்டம். பாதியில் அத்தையிடமிருந்து போன் வந்தது. அம்மா வாசலுக்குப் போய், "ம்... ம்... வர்றேன்" என்று மட்டும் சொன்னாள். அப்பா போய்விட்டார் என்பது வேலூர் போய் இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. பேசிவிட்டு உள்ளே வந்தவள் மறுபடியும் என் எதிரில் உட்கார்ந்தாள்.

"சொல்லு. வூட்டுக்கு வந்தானா?"

"ஆட்டோல வந்து எறங்கிட்டாம்மா."

"பொண்ண தூக்கினானா?"

"தூக்கினான்."

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். என் கதையைக் கேட்டு அழுகிறாள் என்று எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அவன் அந்தப் பெண்ணைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றிவந்தான் என்று இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன்.