வலது பக்கத்துப் புல்லாங்குழல்

கல்லூரியில் அவளை எல்லோரும் மேஸ்திரி என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு நாள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மின்விசிறி கடகடவென்று ஆடத் தொடங்கியது. உதவியாளர் ஏணி தேடிப் போயிருந்தார். இவள் சுவிட்சை அணைத்தாள், மேசைமேல் ஸ்டூலைப் போட்டு ஏறினாள், எஃகு அளவுகோலின் முனையால் திருகை முடுக்கிவிட்டு இறங்கிவிட்டாள். ஏணியோடு மூச்சிரைக்க வந்த உதவியாளர், சத்தமில்லாமல் சுற்றும் விசிறியையும் இவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன மேஸ்திரி, அடுத்து கூரையையும் பிரிச்சு மேஞ்சிடலாமா?”

அன்றிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆள் என்னவோ ஐந்தடிக்கும் குறைவுதான். ஆனால் ஒன்றைச் செய்வது என்று முடிவுகட்டிவிட்டால் அவளை அசைக்க முடியாது.

அவர்கள் குடியிருந்தது ஒரு மாடிப் போர்ஷன், இரண்டே அறை. முன்னறையில் அம்மாவின் தையல் மெஷின். அதைச் சுற்றி, இடுப்புப் பிடிக்கவும் கால் குறைக்கவும் வந்த துணிகள் குன்றுபோல் கிடக்கும். அப்பாவுக்குத் தகர டப்பா செய்யும் தொழிற்சாலையில் வேலை. இருபத்திரண்டு வருடமாக ஒரே அச்சு இயந்திரத்தின் பக்கத்தில் நின்றதில் அவருக்கு வலது காது முழுதாகப் போய்விட்டது. வீட்டில் அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அவருக்கு இடப்பக்கம் நின்று பேசுவது எல்லோருக்கும் மூச்சுவிடுவதுபோல் பழகிப்போயிருந்தது. வேலைக்கு நடந்துபோக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். சட்டைப்பையில் தீப்பெட்டி அளவு பாட்டு பிளேயர். இயர்போனின் ஒரு முனை இடது காதில் இருக்கும், மற்றது நெஞ்சில் தொங்கும். வாழ்க்கையில் அவருக்கு இருந்த ஒரே ஆடம்பரம் அதுதான்.

இரண்டாம் ஆண்டு படிக்கும்போது மேஸ்திரி ஒரு தோழியின் வீட்டுக்குப் போனாள். அங்கே கூடத்தில் ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு நின்றன. தோழி ஒரு பாட்டைப் போட்டாள். மேஸ்திரிக்கு மனப்பாடமான பாட்டுதான். ஆனால் அன்றைக்குப் பாடகி சுவர் நாட்காட்டிக்கு முன்னால் நின்று பாடுவதுபோல் இருந்தது. வயலின்கள் ஜன்னலோரம், தபலா சோபாவுக்குப் பக்கத்தில். இவள் எழுந்துபோய் நாட்காட்டியைத் தூக்கிப் பின்னால் எட்டிப் பார்த்தாள். தோழி விழுந்து விழுந்து சிரித்தாள்.

“இது என்ன விலைடீ?”

தோழி சொன்னாள். வாங்க முடியாது என்பது தெளிவு. அப்படியென்றால் செய்துவிட வேண்டியதுதான் என்று பேருந்தில் திரும்பி வரும்போதே தீர்மானித்துவிட்டாள்.

கல்லூரிக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் சனியும் ஞாயிறும் வேலைக்குச் சேர்ந்தாள். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் நேரே பழைய இரும்புக் கடைக்குப் போனாள். அந்தக் கடைக்காரருக்குத் தராசு என்று பட்டப்பெயர். குளிர்பதனப் பெட்டியானாலும் குழந்தை சைக்கிளானாலும் அவருக்கு எல்லாம் கிலோ கணக்குதான். கடையின் பின்கட்டில், கிழிந்த குடைகளுக்கு அடியில், ஜோடியாக இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் கிடந்தன. மரம் நல்ல கனம். காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்சு விளிம்பு மட்டும் உளுத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்தது.

“அது பாடாதும்மா. செத்துப் பல வருஷமாச்சு,” என்றார் தராசு.

மேஸ்திரி பையிலிருந்து ஒரு சின்ன பேட்டரியை எடுத்து, பெட்டிக்குப் பின்னாலிருந்த முனைகளில் வைத்தாள். ‘டொப்’ என்று ஒரு சத்தம். மற்றதிலும் ‘டொப்’. தராசு இரண்டடி பின்வாங்கினார்.

“உயிர் இருக்கு அண்ணே. விளிம்புதான் போயிருக்கு.”

“உயிர் இருந்தா எடைக்கு ரெண்டு மடங்கு!”

“பெட்டிக்குள்ள பாதிக்கு மேல வெறும் காத்து. அதுக்கும் எடை போடுவீங்களா?”

தராசு சிரித்துவிட்டார். சிரித்த மனிதரிடம் பேரம் பேசுவது எளிது.

பெட்டிகள் வீட்டுக்கு வந்தபோது அம்மா மெஷினை நிறுத்தவே இல்லை. “இருக்கிற குப்பை பத்தலையா? இதுங்களை என் தலையிலதான் வைக்கணும்,” என்றாள். ஆனால் ஒரு வாரம் கழித்து, மேஸ்திரி தரையில் உட்கார்ந்து மழைக்கோட்டுத் துணியில் புது விளிம்புக்கு வட்டம் வெட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“கத்தரிக்கோலைப் பிடிக்கிற லட்சணத்தைப் பாரு. குடு இங்க.”

வாங்கி, சாக்கட்டியால் கோடு போட்டு, ஒரே வீச்சில் வெட்டினாள். மகள் அதைக் கூம்பின் மேல் இழுத்துப் பிடித்து ஒட்டப்போனபோது மறுபடி தடுத்தாள்.

“இது அசையணுமா, வேண்டாமா?”

“அசையணும்மா. முன்னும் பின்னும்.”

“அப்ப இப்படி இறுக்கினா எப்படி அசையும்? கை தூக்கினா சட்டை பிடிக்கக்கூடாதுன்னு அக்குள்ல தளர்ச்சி விடுறோம்ல, அது மாதிரி விடணும்.”

பொறியியல் புத்தகம் எதையும் பார்க்காமல் அம்மா சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் அந்த ஸ்பீக்கர்களைக் காப்பாற்றியது. கூம்பு நடுவில் நிற்க, காந்தத்துக்கும் கம்பிச்சுருளுக்கும் இடையே மெல்லிய பட்டைகள் செருக வேண்டியிருந்தது. அலமாரியில் அப்பாவின் பழைய எக்ஸ்ரே படம் ஒன்று இருந்தது. அதைக் கீற்றுக் கீற்றாக வெட்டிச் செருகி, பசை காய்ந்ததும் உருவிவிட்டாள். விஷயம் தெரிந்த அப்பா, “என் மணிக்கட்டை வெட்டியா பாட்டு கேக்கப் போற?” என்று கேட்டுவிட்டு, பெருமையோடு பெட்டியைத் தட்டிப் பார்த்தார்.

அடுத்தது ஆம்ப்ளிஃபயர். உள்ளங்கை அகலத்தில் ஒரு மின்சுற்றுப் பலகை. ஆறு வாரத்து சனி ஞாயிறு சம்பளம் அதற்குள் இருந்தது. வாங்கி வந்த அன்றே, ஆசை கண்ணை மறைக்க, அவசரத்தில் பவர் ஒயர்களை மாற்றிக் கொடுத்துவிட்டாள். ஒரு சின்ன ‘பட்’, ஒரு நூல் புகை, ஒரு கருகல் வாடை. அவ்வளவுதான், கதை முடிந்தது.

மேஸ்திரி சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் கல்லூரிக்கும் போகவில்லை. அம்மா ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் ஒரு சட்டையைக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் போட்டாள்.

“பாரு. முப்பது வருஷமா தைக்கிறேன். நேத்து இடது கையை வலது பக்கம் வெச்சுத் தெச்சுட்டேன். இப்ப பிரிச்சுட்டுதான் இருக்கேன். நீயும் எழுந்திரு, ஒரு பக்கமா பிடி.”

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தையல் பிரித்தார்கள். முடிந்ததும் அம்மா சிவப்பு நூலும் கறுப்பு நூலும் எடுத்துக் கொடுத்தாள். “இனிமே எந்த ஒயரானாலும் முதல்ல அடையாளத்துக்கு நூலைக் கட்டு. அப்புறம் கையை வை.”

இன்னும் ஆறு வாரம் ஓடியது. இரண்டாவது பலகை புகையவில்லை. பாட்டு வந்தது. ஆனால் சோகையாக வந்தது, கனமே இல்லை. பாடகி எங்கே நிற்கிறாள் என்றே தெரியவில்லை, அறை முழுக்க ஆவிபோல் அலைந்தாள். மேஸ்திரி நான்கு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். கடைசியில் பேட்டரியை எடுத்து இரண்டு பெட்டிகளையும் மறுபடி தொட்டுப் பார்த்தாள். ஒன்றின் கூம்பு வெளியே தள்ளியது, மற்றதன் கூம்பு உள்ளே இழுத்தது. ஒன்று மூச்சை விடும்போது மற்றது இழுத்துக்கொண்டிருந்தால் பாட்டு எப்படித் தேறும்? எந்தக் காலத்திலோ எவரோ ஒரு பெட்டிக்குள் ஒயரை மாற்றி வைத்திருந்தார்கள். அதைத் திருத்தியதும் பாடகி வந்து, இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே, தைக்கக் கிடந்த துணிக்குன்றின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஜெராக்ஸ் கடையில் விடுப்பு சொல்லிவிட்டு, அப்பாவுக்காக நாற்காலி போட்டாள். இரண்டு பெட்டிகளிலிருந்தும் ஒரே தூரம் இருக்கும்படி அம்மாவின் இஞ்சு டேப்பால் அளந்து போட்டாள். அப்பாவின் பிளேயரையே வாங்கி ஆம்ப்ளிஃபயரில் செருகினாள்.

“அப்பா, கண்ணை மூடிக்குங்க. எந்தப் பக்கம் எது கேக்குதுன்னு சொல்லணும்.”

அம்மா மெஷினிலிருந்து தலை நிமிர்ந்தாள். “ஏன்டீ, அவருக்குப் பக்கம் எப்படிடீ தெரியும்?”

மேஸ்திரிக்கு முகம் சுண்டிப்போனது. பக்கம் பிரித்துக் கேட்க இரண்டு காது வேண்டும். இத்தனை மாதம் அளந்து, வெட்டி, ஒட்டிச் செய்ததெல்லாம் இரண்டு காது இருப்பவர்களுக்கு. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவருக்கு இடப்பக்கமாகவே நின்று பேசிக்கொண்டு, இது எப்படி மறந்துபோனது? பிளேயரை நிறுத்தக் கையை நீட்டினாள்.

“இரு, இரு,” என்றார் அப்பா. கண் இன்னும் மூடித்தான் இருந்தது. “நிறுத்தாத. இதுல புல்லாங்குழல் எப்ப வந்துச்சு?”

“எப்பவும் இருக்கிறதுதானேப்பா.”

“இல்லம்மா. பதினஞ்சு வருஷமா தினம் கேக்குற பாட்டு. இதுல புல்லாங்குழலே கிடையாது.”

மேஸ்திரி பிளேயரை உருவி, அப்பாவின் இயர்போனைச் செருகி, இடது முனையை மட்டும் தன் காதில் வைத்தாள். குரல், தபலா, கொஞ்சம் வயலின். புல்லாங்குழல் இல்லை. வலது முனையை வைத்தாள். அங்கே இருந்தது புல்லாங்குழல். பதிவு செய்தவர்கள் அதை வலது பக்கத்தில் மட்டும் வைத்திருக்கிறார்கள். அது இத்தனை வருடமாக அப்பாவின் நெஞ்சில் தொங்கிய முனைக்குள், சட்டைப் பித்தானுக்கு வாசித்துக்கொண்டிருந்திருக்கிறது. அறையில் இரண்டு பெட்டிகளும் பாடும்போதுதான் இரு பக்கமும் காற்றில் கலந்து அந்த ஒரு காதுக்கு வந்து சேர்ந்தன.

அன்றைக்கு அப்பா நாற்காலியை விட்டு எழவில்லை. தெரிந்த பாட்டையெல்லாம் புதிதாகக் கேட்டார். “அட, இங்க ஒரு கூட்டமே கூடப் பாடுது!” “இது என்ன, மணியா?” என்று ஒவ்வொன்றாக அறிவித்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு எல்லாம் முன்னாடியே தெரியும். கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்,” என்றாள் அம்மா. ஆனால் அன்று அவள் மெஷினைத் தொடவில்லை. அதன் மோட்டார் ஓடினால் ஸ்பீக்கரில் ‘ட்ர்ர்’ என்று இரைச்சல் வரும் என்பதை அவள் கவனித்திருந்தாள்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு காலை நீட்டி உட்கார்ந்து பாட்டுக் கேட்டிருப்பார்கள். மேஸ்திரிக்கு அது போதவில்லை. திங்கட்கிழமை அப்பா மறுபடி பாதிப் பாட்டைக் கேட்டுக்கொண்டுதானே நடக்கப்போகிறார்? அம்மாவிடம் காலியான நூல்கண்டு ஒன்றை வாங்கினாள். இரண்டு பக்கத்து ஒலியையும் இரண்டு சின்ன ரெசிஸ்டர்கள் வழியாக ஒன்றுசேர்த்து, நூல்கண்டின் ஓட்டைக்குள் அடக்கி, ஒரு முனையில் பிளக்கும் மறுமுனையில் சாக்கெட்டும் வைத்தாள். பிளேயருக்கும் இயர்போனுக்கும் நடுவில் அதைச் செருகிவிட்டால் ஒரு காதிலேயே முழுப் பாட்டும் வரும்.

திங்கள் மாலை அப்பா தனியாக வரவில்லை. அச்சு இயந்திரக் கூடத்திலிருந்து மூன்று பேரைக் கூட்டிவந்தார். அங்கே ஒரு காது போனவர்களுக்குப் பஞ்சமில்லை. “இவங்களுக்கும் ஒண்ணு செஞ்சு குடும்மா,” என்றார், ஏதோ தன் கடையைத் திறந்து வைத்ததுபோல. மாதம் முடிவதற்குள் அந்தத் தொழிற்சாலையில் பதினோரு பேர் சட்டைப்பையில் நூல்கண்டோடு திரிந்தார்கள்.

பதினொன்றில் ஒருவர் மட்டும் புகாரோடு வந்தார். ஆள் வாட்டசாட்டம், சம்மட்டி என்று பெயர். வாசலில் நின்று தயங்கித் தயங்கி நூல்கண்டை நீட்டினார்.

“தப்பா நினைச்சுக்காதம்மா. எனக்குப் பாடுற அந்தம்மா குரல்தான் பெருசா கேட்டுட்டு இருந்துச்சு. தனியா, நிம்மதியா. இப்ப பின்னாடி ஒரே கூட்டம். இத்தனை பேர் வாசிக்கிறாங்கன்னு தெரியாமலே இருந்திருக்கலாம்.”

மேஸ்திரி சிரிப்பை அடக்கிக்கொண்டு அதை வாங்கி வைத்தாள். அவரோடு வாதாடவில்லை, அவர் கேட்பது அவருடைய பாட்டு. ஒரு வாரத்தில் நூல்கண்டின் பக்கவாட்டில் ஒரு குட்டி சுவிட்ச் வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். ஒரு பக்கம் தள்ளினால் பழையபடி ஒரு பக்கத்து ஒலி மட்டும், மறுபக்கம் தள்ளினால் கூட்டம். சம்மட்டி அதை நாலைந்து தடவை தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, குழந்தையைப்போல் சிரித்தார். விஷயம் பரவி, மற்ற பத்துப் பேரும் சுவிட்ச் கேட்டு வந்து நின்றார்கள்.

அந்த வருடம் தொழிற்சாலையில் காது பரிசோதனை நடந்தது. பரிசோதிக்க வந்த பெண்மணி, ஆளாளுக்குப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்த நூல்கண்டுகளைப் பார்த்து, இதை யார் செய்தது என்று விசாரித்தார். “என் பொண்ணு,” என்று அப்பா சொன்னபோது, கூடம் முழுக்கக் கேட்டது என்பார்கள். கல்லூரி இறுதித் தேர்வு முடிந்த மறுவாரமே மேஸ்திரியை அந்தப் பெண்மணியின் மருத்துவமனையில், காது கேட்கும் கருவிகளைப் பழுதுபார்க்கும் பிரிவுக்கு எடுத்துக்கொண்டார்கள். அங்கே அவளுடைய மேசையில் பெரிய நுண்ணோக்கியும், விரலளவுத் திருப்புளிகளும், சிவப்பு நூலும் கறுப்பு நூலும் இருக்கின்றன. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அந்த நூல் எதற்கு என்று கேட்பார்கள். “ஒயரைத் தொடுறதுக்கு முன்னாடி கட்டு, சொல்றேன்,” என்பாள் மேஸ்திரி.