குதிரை செத்துவிடும் என்று சொல்லிவிட்டேன்

இன்று ஆலங்காயத்தில் மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறியதும், சிறுவர்களுக்கான அந்தப் பறக்கும் குதிரைக் கதைகளைப் பற்றி நானும் என் தோழி செல்வியும் சண்டை போட்டோம்.

“கடைசி பாகத்துல குதிரை செத்துடுது. அதான் அழகே!” என்றேன் சத்தமாக.

முன் சீட்டுப் பெண் திரும்பினாள். மடியில் அதே கதையின் மூன்றாம் பாகம். மலையில் பள்ளிக்கூட விடுதி வார்டனாம்.

“இன்னாங்க இப்டி சொல்லிட்டீங்க? தெனம் சாயங்காலம் பசங்களுக்குப் படிச்சிக் காட்றேன். குதிரைக்குன்னு சாமைச்சோறு எடுத்து வைக்குதுங்க. இனிமே எப்டி சிரிச்சிக்கினு படிப்பேன்?”

கூனிக் குறுகி மன்னிப்புக் கேட்டேன்.

இறங்கும்போது, “முடிவ நானே மாத்திப் படிச்சிடட்டுங்களா?” என்றாள்.

“தாராளமா மாத்துங்க” என்றேன். கதையை எழுதியவர் என்னை மன்னிக்கமாட்டார்.

நம் கையெழுத்துப் பத்திரிகை நண்பர்களே, நீங்கள் திட்டுவதற்காக அடுத்த பக்கத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.