சின்ன ஆண் கணவாயை முதலில் கண்ட காலை

பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்த காலத்தில் நானும் என் சிநேகிதியும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். படிப்பு முடிய அவள் ஆராய்ச்சிக்கென்று அங்கேயே நின்றாள். நான் கடற்கரைக் கிராமமான சரவணையில் கலியாணம் கட்டி, பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கப் போனேன். எழுபதுகளில் ஒரு விடுமுறைக்கு அவள் எங்கள் வீட்டில் வந்து தங்கினாள். எங்கள் கடலில் கணவாய்கள் சோடி சேர்ந்து முட்டையிடுவதைப் பார்க்கவேண்டும் என்றாள். எனக்கு அப்போது கைக்குழந்தை.

காலையில் என் கணவர் கோல் ஊன்றி வள்ளத்தைத் தள்ள, அவள் அடியில் கண்ணாடி பதித்த பெட்டியைத் தண்ணீரில் வைத்துப் பார்த்துக்கொண்டு போவாள். நான் பிள்ளையோடு வேலிப் படலையடியில் நிற்பேன்.

மத்தியானம் சாப்பிடும்போது எல்லாம் சொல்லுவாள். எட்டுக் கையுள்ள பேய்க்கணவாய்த் தாய், முட்டை பொரிக்கும்வரை தின்னாமல் காவலிருந்து செத்துப்போகுமாம். கணவாய்த் தாயோ முட்டைகளைப் பசை உறைக்குள் வைத்துக் கடற்புல்லில் ஒட்டிவிட்டுத் தன்பாட்டில் போய்விடுமாம். ஒரே முன்னோரின் வழிவந்தவை, காலப்போக்கில் இப்படிப் பிரிந்துவிட்டன என்றாள்.

"எது கெட்டிக்காரி?" என்று கேட்டேன்.

"இரண்டும் இன்னும் அழியேல்லையே."

பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

என் முகத்தைப் பார்த்த, என் கணவரைப் பெற்ற மாமி வேறொன்றை நினைத்துவிட்டா. "பிள்ளையை நான் பாக்கிறன். நீயும் கூடப் போ. அவனைத் தனிய விடாதை," என்றா. என் கணவரில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. அந்தப் பெட்டி அவள் கையில் இருந்ததுதான் என் எரிச்சல். மாமிக்கு அதை விளக்காமல் அடுத்த நாள் காலை வெளிக்கிட்டேன்.

அன்று பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். பெரிய ஆண் ஒன்று பெண்ணை ஒட்டியபடி நின்று, நிறம் மாற்றி மாற்றி மற்ற ஆண்களை மிரட்டியது. அது ஒன்றைத் துரத்திப் போன நேரம், பெண்ணைப் போலவே மங்கின நிறத்தில் ஒதுங்கி நின்ற சின்ன ஆண் உள்ளே புகுந்து, பெண்ணின் வாயடியில் கையை வைத்துத் தன் விந்தைக் கொடுத்துவிட்டு நழுவியது. என் சிநேகிதி அப்போது வள்ளத்தின் மற்றப் பக்கம் முட்டைக் குலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னேன். திருப்பித் திருப்பிக் கேட்டாள். பலமில்லாததும் இப்படித் தன் வழியைப் பிள்ளைகளுக்குக் கடத்திவிடும், அதனால்தான் இரண்டு வகை ஆணும் நிலைத்திருக்கின்றன என்றாள். பிறகு, "ஒருக்கா கண்டது போதாது. திரும்பவும் காணவேணும்," என்றாள்.

மறுநாள் பிள்ளைக்குக் காய்ச்சல். நான் போகவில்லை. அவர்கள் திரும்பி வரும்போது தாங்களும் அதைக் கண்டதைப் படலையிலிருந்தே என் கணவர் சொல்லத் தொடங்கிவிட்டார். அவள் என் கையைப் பிடித்து, "நீ சொன்னபடியேதான்," என்றாள். ஓம் என்றுவிட்டு உலையைப் பார்க்கக் குசினிக்குள் போனேன்.

பிறகு தன் கட்டுரையை வாசித்த சபையில், இதை முதலில் கண்டது தன் சிநேகிதிதான் என்று சொன்னாளாம். அவளில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் நான் கூடப் போகாத அந்த இரண்டாம் நாள் காலையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.