எண் வேண்டிய இடத்தில் ஒரு சொல்

எண்பதுகளின் கடைசியில் கல்முனையில் ஓர் அச்சகத்தில் வேலை செய்தேன். முதலாளியின் மச்சான் சவூதியிலிருந்து கொண்டுவந்த கணினி ஒன்று அங்கே இருந்தது. கொழும்பில் எட்டு மாதம் படித்துவிட்டு வந்தவன் என்பதால் அதற்கு நான்தான் பொறுப்பு. ஆங்கிலக் கடிதங்களைத் தட்டித் திருத்துவதற்கான செயலியை நானே எழுதியிருந்தேன். வருகிறவர்களிடமெல்லாம் முதலாளி, "இது நம்மட தம்பி செஞ்சது" என்பார். எனக்குக் கால் தரையில் படாது.

அந்தக் கணினியில் தட்டச்சு செய்தவர் மருதமுனையிலிருந்து வரும் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுவேன். பழைய தட்டச்சு யந்திரத்தில் பிழையே விடாதவர் என்று பெயர் எடுத்தவர்.

செயலியோடு ஒரு சிறிய அமைப்புக் கோப்பும் இருந்தது. தாள் நீளமா கட்டையா, மணி ஒலிக்க வேண்டுமா வேண்டாமா என்று வரிக்கு வரி விருப்பத்தை எழுதிவைக்கலாம். எல்லாவற்றுக்கும் விடை ஒரு சொல். ஒரே ஒரு வரிக்கு மட்டும் எண்: ஒவ்வொரு தடவை சேமிக்கும்போதும் கோப்பின் முந்திய பிரதிகள் எத்தனை வைத்திருக்க வேண்டும் என்பது; ஒன்றும் எழுதாவிட்டால் ஐந்து. அங்கே எண்ணுக்குப் பதிலாகச் சொல்லை எழுதினால் செயலி அதைப் பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளும்; ஒரு பிரதியும் வைக்காது. எழுதும்போதே அதைக் கவனித்திருந்தேன். தடுக்கச் செயலியில் ஏழெட்டு வரிகள் சேர்த்தால் போதும். எண் வேண்டிய இடத்தில் யார் சொல்லை எழுதப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

சவளக்கடைப் பக்கத்து விவசாயிகள் முப்பத்தொரு பேரின் வாக்குமூலங்கள் தட்டச்சுக்கு வந்தன. அவர்களுடைய வயல்களுக்கு வாய்க்கால் தண்ணீர் எட்டவில்லை. அதைப் பற்றி அம்பாறையில் விசாரணை. ராத்தா ஒன்பது நாளாகத் தட்டினார். நடுவில் ஒருநாள், டிஸ்கில் இடம் போதவில்லை என்றார். நான் வெளியே போகிற அவசரத்தில் வாசலில் நின்றபடியே, "ஐந்து பிரதி வேணாம் ராத்தா, அதில ரெண்டு எண்டு எழுதிவிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

விசாரணைக்கு முதல்நாள் காலை. எல்லா வாக்குமூலங்களும் இருந்த ஒரே கோப்பை ராத்தா சேமித்துக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போய்விட்டது. திரும்பி வந்தபோது கோப்பு திறக்கவில்லை. "பயப்பட வேணாம், முந்திய பிரதி இருக்கும்" என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை.

முதலாளியும் விவசாயிகள் சங்கத்தின் செயலாளரும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். அமைப்புக் கோப்பைத் திறந்தேன். பிரதிகளுக்கான வரியில் 2 என்ற இலக்கத்துக்குப் பதிலாக 'two' என்று ஆங்கில எழுத்தில் இருந்தது. நடந்தது என்ன என்று அந்தக் கணமே எனக்கு விளங்கிவிட்டது.

"ராத்தா, இதில என்ன எழுதினீங்க?"

"நீங்க சொன்னதைத்தான் தம்பி. ரெண்டு எண்டு."

நான் முதலாளியிடம் திரும்பினேன். "இலக்கம் போட வேண்டிய இடத்தில எழுத்தில எழுதி வெச்சிருக்காங்க. அதாலதான் எல்லாம் போயிட்டு."

"மத்த வரியெல்லாம் சொல்லுதானே தம்பி?" என்றார் ராத்தா. குரல் உயரவில்லை. "பிழையெண்டா இது ஒண்டும் சொல்லல்லியே. பேசாம எடுத்துக்கிட்டுதே."

"மெஷினுக்கு என்ன தெரியும்? நாமதான் பார்த்து எழுதணும்."

இதைச் சொன்னது என் வாய்தான். செயலாளர் ராத்தாவைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. அவர் கையால் எழுதிய வாக்குமூலத் தாள்களை மறுபடி மேசையில் வைத்தார். ராத்தா மூலையில் கிடந்த தட்டச்சு யந்திரத்தின் உறையைக் கழற்றி, முதல் தாளைச் செருகினார். பகல் சோற்றுக்கும் எழும்பவில்லை. அவருக்கு உதவ என்னால் முடியவில்லை; பக்கத்தில் இருக்கவும் முடியவில்லை. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போனவன், அது முடிந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அச்சகம் பூட்டும்போது பதினான்கு வாக்குமூலங்கள்தான் முடிந்திருந்தன. அவற்றை மட்டுமே விசாரணையில் எடுத்தார்கள். மற்றவர்களை அடுத்த விசாரணைக்கு வரச் சொல்லிவிட்டார்களாம். "அதுக்குள்ள ஒரு போகம் போயிரும்" என்றார் செயலாளர்.

அந்த வாரமே செயலியில் அந்த ஏழு வரிகளைச் சேர்த்தேன். இனிச் சொல்லை எழுதினால், "இங்கே எண் வேண்டும்" என்று திரையில் வரும்; திருத்தாமல் மேலே போக விடாது. முதலாளிக்குச் செய்து காட்டினேன்.

"கெட்டிக்காரன்! இனி அவ பிழை விட ஏலாது, என்ன?"

"ஓம்" என்றேன். இரண்டு முழத் தூரத்தில் ராத்தா தாள் அடுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போனார்.

ஒரு வருடம் கழித்து நிந்தவூர் போகும் பஸ்ஸில் அவரைக் கண்டேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. உட்கார்ந்து, நெஞ்சிலிருந்ததைச் சொன்னேன்.

"ராத்தா, அந்தப் பிழை என்னுடையது. எனக்கு அண்டைக்கே தெரியும்."

"எனக்கும் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல்ல?"

"சொன்னன்தானே தம்பி. எல்லாரும் நிக்கக்குள்ளதான் சொன்னன்." பிறகு கேட்டார்: "முதலாளியிட்டச் சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். நாளைக்கே சொல்லிவிடுகிறேன் என்றேன்.

மறுநாள் அச்சகத்தில் திருமண அழைப்பிதழ் வேலை நெருக்கியது. அதற்கு அடுத்த நாள் முதலாளி நல்ல சந்தோஷத்தில் இருந்தார். அதற்குப் பிறகும் நான் மூன்று வருடம் அங்கே வேலை செய்தேன். சொல்லவே இல்லை.